ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாச்சு... அடுத்து? கடும் பெருங்குடல் அழற்சியில் மருந்துகளின் 5 ஆண்டு கணக்கு

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோய் பெரும்பாலும் இளம் வயதிலேயே தலைகாட்டுகிறது. இந்த நோய் இருப்பவருக்கு ஒரு நாளில் 6 முறை, அதற்கு மேலும் ரத்தத்தோடு மலம் போய், கூடவே காய்ச்சலோ, வேகமான நாடித்துடிப்போ, ரத்தசோகையோ இருந்தால் அது சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை. உடனே மருத்துவமனையில் சேர வேண்டிய அவசர நிலை.

மருந்திலேயே சமாளித்து, ஆபரேஷன் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் பிரச்னை முடிந்ததா? முடியவில்லை என்கின்றன நீண்டகால ஆய்வுகள்.

முதல் 3 நாள் ஏன் முக்கியம்?

நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றுவதுதான் முதல் சிகிச்சை. 1955-ல் பிரிட்டனில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் வெளியிட்ட கார்ட்டிசோன் ஆய்வு இதற்கு வழி போட்டது. ஆனால், சுமார் மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டு கேட்பதில்லை.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1996-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒரு கணக்கு சொன்னது. 3-வது நாளிலும் 8 முறைக்கு மேல் மலம் போனாலோ, 3 முதல் 8 முறை போய் ரத்தத்தில் சி.ஆர்.பி. 45-ஐத் தாண்டினாலோ, அப்படிப்பட்டவர்களில் 85 சதவீதம் பேருக்கு அதே அட்மிஷனில் ஆபரேஷன் தேவைப்பட்டது. அதனால்தான் 3-வது நாளிலேயே டாக்டர்கள் அடுத்த மருந்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எந்த மருந்து பெட்டர்?

சைக்ளோஸ்போரின், இன்ஃப்ளிக்ஸிமாப் இரண்டும்தான் நன்கு ஆராயப்பட்ட மாற்று மருந்துகள். ஸ்டீராய்டு கேட்காத 115 பேரிடம் ஐரோப்பாவில் இவற்றை ஒப்பிட்டார்கள். 2012-ல் வெளியான முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2018-ல் வந்த கணக்கு இது:

● ஓராண்டில் பெருங்குடலை இழக்காதவர்கள்: சைக்ளோஸ்போரின் 70.9%, இன்ஃப்ளிக்ஸிமாப் 69.1%
● 5 ஆண்டில்: முறையே 61.5%, 65.1%

அதாவது, எந்த மருந்தில் தொடங்கினாலும் 5 ஆண்டில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆபரேஷன் வரை போயிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே நடந்துவிடுகிறது. டிஸ்சார்ஜுக்குப் பிறகான மாதங்கள்தான் உண்மையான பரீட்சை.

'நல்லாயிட்டேனே' என்று நிறுத்தலாமா?

கூடாது. சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எனவே சில மாதங்கள்தான் தருவார்கள்; பிறகு வேறு மருந்துக்கு மாற வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் தொடக்க டோஸ்களுக்குப் பின் வழக்கமாக 8 வாரத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. செலவு, லீவு, அலுப்பு என்று ஊசியைத் தவறவிட்டால் நோய் திரும்பும்; அந்த மருந்துக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உருவாக்கவும் வாய்ப்பு கூடும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், அந்தப் பரிசோதனை செய்த பிறகே இதைத் தொடங்குகிறார்கள்.

புதிய மாத்திரை

லூதியானாவில் 104 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. ஸ்டீராய்டோடு டோஃபாசிட்டினிப் சேர்த்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு 7-வது நாளில் பலன் தெரிந்தது; சேர்க்காதவர்களில் 59 சதவீதம் பேருக்குத்தான். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இது 90 நாள் வரையிலான ஆய்வு. 5 ஆண்டு கணக்கோடு ஒப்பிட முடியாது. ரத்தம் உறையும் அபாயத்தையும் கவனிக்க வேண்டும்.

ஆபரேஷன் தோல்வியா?

இல்லை. மருந்து கேட்காதபோது ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் உயிருக்கு ஆபத்து. சிறுகுடலில் பை அமைத்து, வழக்கம்போல மலம் கழிக்க வைக்கவும் பலருக்கு முடிகிறது.

எனவே டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் 3 கேள்விகளைக் கேட்காமல் கிளம்பக் கூடாது: ஸ்டீராய்டை எப்போது முழுசா நிறுத்துவோம்? அடுத்து தொடரும் மருந்து எது? அதுவும் கேட்கலைன்னா என்ன திட்டம்?