இதுல எவ்வளவு கிடைக்குது?

வீட்டில் சோப்பு செய்கிறேன் என்று சொன்னால் வேப்பனப்பள்ளியில் எல்லோருக்கும் வாயில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு கிடைக்குது?" டீக்கடைக்காரர் கேட்டார். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். என் மாமியார் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை, கைக்காசுதான் போகிறது என்றால் நம்புவதில்லை. எதையோ மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். வாரம் முழுக்க ஷிப்ட். யாரோ போட்ட வரைபடத்துக்கு, யாரோ சொன்ன அளவுக்கு வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு மர அச்சு. அந்த ஒரு நாள் அளவு சொல்வது நான். அதற்கும் ஒரு விலைப்பட்டியல் கேட்டால் எரிச்சல் வராதா?

ஊர்க்காரர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே எங்கள் மண்ணில்தான். 1989-இல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தார்கள்; அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004-இல்தான் பிரிந்தது. அந்தக் குழுக்களால் கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தப்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். என் மனைவியும் குழு உறுப்பினர்தான். அவள் போய்வந்த ஒருநாள் பயிற்சியின் தாள்களைப் புரட்டித்தான் எனக்கே இந்தப் பித்துப் பிடித்தது. ஆனால் பினாயில், ஊறுகாய், மெழுகுவர்த்தி, சோப்பு என்று எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் "மாத வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்கும். இத்தனை வருடப் பழக்கத்தில், கட்டம் நிரம்பாத வேலை வெட்டி வேலை என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

சரி, அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்ப்போம். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயில் நூறு கிராம் சோப்பு பதின்மூன்று தேறும் என்று வையுங்கள். 2025-இல் எண்ணெய் விலை 400 ரூபாயைத் தாண்டியபோது, ஒரு கட்டிக்கு எண்ணெய்ச் செலவு மட்டுமே முப்பது ரூபாய்க்கு மேல். காஸ்டிக் சோடா, வாசனை, காகிதம் எல்லாம் தனி. பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் அலமாரியில் காய வேண்டும்; அதுவரை போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். கடைக்குப் போனால் முப்பது, நாற்பது ரூபாய்க்கு வாசனையான சோப்பை மினுமினுக்கும் உறையில் சுற்றித் தருகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கு ஜிஎஸ்டியும் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இதில் யாரோடு போட்டி போடுவது?

பயிற்சித் தாளில் இல்லாத இன்னொன்றும் உண்டு. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-ஆம் வருடத்தது. அதில் அழகுசாதனம் என்றால் என்ன என்று விளக்கிய இடத்தில் முதலில் சோப்புக்கு விலக்கு இருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. இப்போது 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள் நடப்பில் உள்ளன. உடம்பில் தேய்க்கும் சோப்பை விற்பதற்காகச் செய்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்குத் தனி இடம், தகுதியுள்ள ஆள் எல்லாம் காட்ட வேண்டும். சமையலறையில் ஊற்றி வாட்ஸ்அப்பில் விற்கும் தங்கைகளுக்கு இதை யாராவது சொன்னார்களா? சம்பாதிக்க வேண்டியவர்கள் சம்பாதிக்கட்டும், அது அவர்கள் உரிமை. அப்படியானால் ஒன்றியத்துக்கு ஒரு உரிமம் பெற்ற பொதுக்கூடம் கட்டிக்கொடுங்கள், குழுக்கள் முறை வைத்து அங்கே செய்துகொள்வார்கள். அதைச் செய்யாமல் சான்றிதழும் கைதட்டலும் கொடுத்து அனுப்புவது அவர்களை மாட்டிவிடுகிற வேலை.

விற்கப் போனவுடன் பொய்யும் சேர்ந்துகொள்கிறது. "கெமிக்கல் இல்லாத சோப்பு" என்று ஒட்டுகிறார்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப்பு இல்லை. எண்ணெயும் காரமும் வினைபுரிந்தால்தான் சோப்பும் கிளிசரினும் பிறக்கும். சரியாகச் செய்து காயவைத்த கட்டியில் காரம் மிஞ்சாது, அதைத்தான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய வில்லையை உருக்கி ஊற்றுகிறவர்களுக்கும் கணக்கு வேறல்ல. அந்தக் காரத்தை அவர்களுக்கு முன்னால் வேறொருவர் கையாண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கணக்குதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். விளக்கெண்ணெய்க்கு 128 போதும். இரண்டுக்கும் இடையில் 55 கிராம். "ஒரு டம்ளர் எண்ணெய்க்கு இத்தனை ஸ்பூன்" என்று வீடியோவில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எங்கள் தர ஆய்வாளரைக் கூட்டிவந்து உட்காரவைக்கத் தோன்றுகிறது. என் வழக்கம் 700 கிராம் தேங்காய் எண்ணெய், 300 கிராம் விளக்கெண்ணெய். கணக்குப்படி 166 கிராமுக்குச் சற்று மேல் வரும்; அதில் ஐந்து சதவீதம் குறைத்து 158 போடுகிறேன். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கு நல்லது, காரம் மிஞ்சினால் தோல் உரியும். எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பல சோப்புகள் அதில் திரிதிரியாகத் திரியும்; தேங்காய் எண்ணெய் சோப்பு நுரைக்கும்.

செய்ய நினைக்கிறவர்கள் சில விஷயங்களில் விளையாடக் கூடாது. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தோலில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும், எலுமிச்சை வினிகர் வைத்தியம் வேண்டாம். குழந்தை இருக்கிற வீட்டில் கரைசலை ஒரு நிமிடம்கூட டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ வைக்காதீர்கள். இவ்வளவுக்கும் பிறகு எண்ணெயும் கரைசலும் கலந்து பஜ்ஜி மாவுப் பதத்துக்குக் கெட்டிப்படுகிற அந்த நேரம் இருக்கிறதே, அதை நின்று பார்க்கிற ஆசையில்தான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமைத் தள்ளியிருக்கிறேன்.

மெழுகுவர்த்தி மனைவியின் இலாகா. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிறார்களே, அந்தப் பாரபின்தான் அவளுக்கு மூலப்பொருள். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவாள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடிபோட்டு அணைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் பாடம். இன்வெர்டர் வந்த பிறகு மெழுகுவர்த்தி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை.

சோப்பும் மெழுகும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் இந்தப் பின்கட்டில்தான். பிரான்சில் செவ்ரேல் என்ற வேதியியலாளர் 1811-இல் ஒரு சோப்பு மாதிரியை ஆராயத் தொடங்கி, கொழுப்பு எதனால் ஆனது என்பதைப் பிரித்துக்காட்டினார். அந்த ஆராய்ச்சியின் பலனாக 1825-இல் ஸ்டியரின் மெழுகுவர்த்திக்குக் காப்புரிமை பெற்றார். நூற்றிரண்டு வயதுவரை இருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரிலும் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரில் சந்தனக்கட்டை ஐரோப்பாவுக்குப் போக வழியில்லாமல் தேங்கியது. மைசூர் அரசு எண்ணெய் வடிக்கத் தொடங்கி, எஸ்.ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளரை லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்து, 1918-இல் மைசூர் சாண்டல் சோப்பைக் கொண்டுவந்தது. தேங்கிக் கிடந்ததை என்ன செய்யலாம் என்று ஒருவர் யோசித்த இடத்தில் அந்தச் சோப்பு பிறந்தது.

எங்கள் மாவட்டத்தில் தேங்குவது மாங்கொட்டை. சீசனில் மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காயைப் பிழிந்துவிட்டுக் கொட்டையை டிராக்டர் டிராக்டராக வெளியே தள்ளுகின்றன. அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் பத்து சதவீதம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. அதைத்தான் மாம்பழ வெண்ணெய் என்று டப்பாவில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். சோப்பு செய்கிறவர்கள் இணையத்தில் வரவழைக்கிறார்கள். ஆலையில் கரைப்பான் வைத்து எடுப்பதை மரச்செக்கில் எடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது, கிடைத்தாலும் கொஞ்சம்தான். லாபக் கணக்குப் பார்க்கிற யாரும் இதில் கை வைக்கமாட்டார்கள். எனக்குக் கட்டம் நிரப்ப வேண்டியதில்லை என்பதால் வருகிற சீசனில் முயன்று பார்க்கப் போகிறேன். செக்குக்காரரிடம் கேட்டாயிற்று. முதலில் சிரித்தார். பிறகு, "பத்துக் கிலோவுக்குக் கொறஞ்சா செக்கு ஓட்ட மாட்டேண்ணா. நல்லா காய வெச்சு, ஓடு இல்லாம கொண்டாங்க. கூலி மொதல்லயே குடுத்துடணும், எண்ணெய் வந்தாலும் வராட்டியும்" என்றார். சம்மதித்திருக்கிறேன்.