மழலையர் வகுப்பறையில் தொடுதிரை: ஆசிரியர் கருத்தை அளக்கும் முறை குறித்து

முன்னுரை

மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான பருவத்தைத் தேசியக் கல்விக் கொள்கை 2020 அடித்தள நிலை என வகுத்தது. இப்பருவத்தின் தொடக்க ஆண்டுகளில் தொடுதிரைக் கருவிகளுக்கு இடமுண்டா என்பது கல்வியியலில் தொடர்ந்து எழுப்பப்படும் வினாவாகும். இதற்கு விடை காண முனையும் ஆய்வுகளில் ஆசிரியரின் மனப்பான்மை பெரும்பாலும் வினாநிரல் வழியே அளக்கப்படுகிறது. உடன்படுகிறேன், உடன்படவில்லை என்னும் விடைகள் ஆசிரியரை ஏற்போர், மறுப்போர் என இரு அணியாகப் பிரித்துவிடுகின்றன. ஆசிரியர் தம் பட்டறிவால் பெற்ற நுண்ணிய வேறுபாடுகளை இப்பிரிவு மறைத்துவிடுகிறது என்பதே இக்கருத்துரையின் வாதமாகும்.

தயக்கத்தின் பொருள்

பிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி இத்தகைய ஆய்வுகளில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஒரு கருவி பயனுடையது, கையாள எளியது என்று கருதுவோர் அதனை ஏற்பர் என்பது அதன் சாரம். பணியிடக் கணினிப் பயன்பாட்டை விளக்க எழுந்த அம்மாதிரியில் கருவியை மதிப்பிடுபவரும் கையாள்பவரும் ஒருவரே. மழலையர் வகுப்பறையிலோ மதிப்பிடுபவர் ஆசிரியர், தொடுவது குழந்தை. கருவியைத் திறம்படக் கையாளத் தெரிந்த ஆசிரியரும் அதனைக் குழந்தையின் கையில் கொடுக்கத் தயங்கக்கூடும். அத்தயக்கத்தைத் திறன் குறைபாடாகக் கொண்டு, பயிற்சியளித்தால் அது நீங்கும் எனப் பரிந்துரைப்பது பொருந்தாது.

அங்கன்வாடிப் பணியாளரின் நிலை இதனைத் தெளிவாக்கும். 1975இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வழியே, இந்நாட்டின் ஏழைக் குழந்தைகள் பலருக்கு அங்கன்வாடியே முதல் வகுப்பறையாக அமைந்தது. அங்குத் தொடுதிரை பெரிதும் பதிவேட்டின் வடிவிலேயே வந்து சேர்ந்தது. 2021இல் நடைமுறைக்கு வந்த போஷன் டிராக்கர் செயலியில் வருகையும் எடையும் உயரமும் பதியப்பட வேண்டும். அதே ஆண்டில் மகாராட்டிரத்தில் பணியாளர்கள் தமக்கு வழங்கப்பட்ட கைப்பேசிகளைத் திருப்பி ஒப்படைத்துப் போராடினர். தொடுதிரையைப் பணிச்சுமையாக அறிந்தவரிடம் அதன் கற்பித்தல் பயனை மட்டும் வினவினால், கிடைக்கும் விடை எதனைக் குறிக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

தொடுதலின் வகை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு அடிப்படையில் வகுக்கையில் உற்றறிதலை முதலாவதாக வைக்கிறது. மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தையின் விரலால் தடவச் செய்தார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சியளிப்பதற்கு நெடுங்காலம் முன்பே திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதும் வழக்கம் இருந்தது. மணல் விரலை எதிர்க்கும். எழுதிய தடம் பள்ளமாகவே நிற்கும். மூன்று சுழி ணகரத்திற்கும் இரண்டு சுழி னகரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணோடு விரலும் உணரும். கண்ணாடித் திரையில் எல்லா எழுத்தும் ஒரே வழவழப்பாக அமைகிறது. ஆகவே, தொடுதிரை தொடுதல்வழிக் கற்றலை வளர்க்கும் என்னும் கூற்று எவ்வகைத் தொடுதல் என்னும் வினாவை எதிர்கொள்ள வேண்டும்.

எனினும், திரைக்குரிய பயனும் உண்டு. லகர, ளகர, ழகர ஒலிகளைத் திருத்தமாகப் பதிவுசெய்து குழந்தை வேண்டும்போதெல்லாம் கேட்கச் செய்யலாம். எழுதுகோலைப் பற்ற இயலாத மாற்றுத்திறன் குழந்தைக்கு விரல்நுனியின் மெல்லிய தொடுகையே வெளிப்பாட்டு வழியாகலாம். ஒலிப்புக்குத் திரையை ஏற்று, எழுதுவதற்கு அதனை விலக்கும் ஆசிரியர் ஏற்போரா, மறுப்போரா? வினாநிரலில் அவருக்கு இடமில்லை.

கால அளவும் இங்குக் கருதத்தக்கது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அமர்ந்த நிலையில் திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என உலக சுகாதார அமைப்பு 2019இல் வழிகாட்டியது. வீட்டுக் கைப்பேசியிலேயே அந்நேரத்தைச் செலவிட்டு வரும் குழந்தையை அடையாளம் காணக்கூடியவர், பெற்றோரிடம் நாள்தோறும் பேசும் ஆசிரியரே.

நிறைவுரை

கருவி வாங்கப்பட்ட பின்னர் ஆசிரியரின் மனப்பான்மையை அளப்பதைவிட, வாங்குமுன் அவர் கருத்தைக் கேட்பது பயன் தரும். எந்தப் பாடப்பொருளுக்கு, எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு நேரம் என்னும் மூன்று வினாக்களும் நேர்காணலிலும் வகுப்பறை உற்றுநோக்கலிலும் இடம்பெற வேண்டும். தமிழ்த்துறைகளுக்கும் இதில் கடமையுண்டு. எழுத்துக் கற்பிக்கும் செயலிகளின் வரிவடிவ முறையையும் ஒலிப்பையும் ஆய்ந்து மதிப்பிடும் பணியை மென்பொருள் செய்வோரிடமே விட்டுவிடலாகாது. மழலையர் ஆசிரியரோடு இணைந்து அப்பணியை மேற்கொண்டால், அவர்தம் தயக்கமும் ஆய்வுக்குரிய அறிவாக மதிக்கப்படும்.