பாக்கெட் பாட்டியும் வீட்டுப் பாட்டியும்

உறைய வைத்த பாக்கெட் 'பாட்டி' இருந்தால்தான் வீட்டில் வெஜ் பர்கர் வருமாம். அதுவும் விருதுநகரில்! பருப்பும் வத்தலும் எண்ணெயும் மூட்டை மூட்டையாகக் கைமாறும் ஊரில் பாக்கெட்டைத் தேடுவதா? 1996-ல் டெல்லியில் கடை திறந்த மெக்டொனால்ட்ஸே இங்கே மாட்டிறைச்சியை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு டிக்கிக்கு இறங்கி வந்தது.

ஊறிய கடலைப்பருப்பைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயம், சோம்பு, மிளகாய் சேர்த்து, பன் அகலத்துக்கு மெல்லிசாகத் தட்டிப் பொரித்தால் உடையாது. தண்ணீர் ஊற்றி மைய அரைத்துவிட்டு, 'பிரிஞ்சு போச்சு' என்று பருப்பைத் திட்டுவது என்ன நியாயம்? (அட, மசால் வடைதானே என்பவர்கள் வீட்டுப் பாட்டியிடம் போய்ச் சண்டை போடட்டும் :-))

அப்புறம் மயோனைஸ். அசல் மயோனைஸ் முட்டையில் செய்வது. சைவம் அங்கேயே காலி. பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடையே செய்தது. கெட்டித் தயிரில் புதினாவை அரைத்துத் தடவினால் பன் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது?