புக்கும் பேப்பரும்

திருவனந்தபுரத்தில் இருந்து காரை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனாலும் வெளிநாடு வராது. மேற்கே போனால் சங்குமுகம், அங்கே ரோடு முடிந்து கடல். மற்ற பக்கமெல்லாம் இந்தியாதான். ஆகவே "தொழில் விஷயமாக எல்லை தாண்டிக் காரில் போவது எப்படி" என்று யாராவது பாடம் எடுத்தால், அது சிங்கப்பூர், துபாய் ஆசாமிகளுக்கு, நமக்கெதற்கு என்று இங்கே இருக்கும் தமிழர்கள் தாண்டிப் போய்விடுவோம்.

நான் தாண்டிப் போக மாட்டேன். எனக்கு ஊர் வேலூர்ப் பக்கம். பதினைந்து வருஷமாகப் பிழைப்பு திருவனந்தபுரத்தில். மருத்துவக் கருவிகள் விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். பாதி வாடிக்கையாளர்கள் நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். மாதத்தில் நாலைந்து தடவை களியக்காவிளையைத் தாண்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கண்ணுக்குத் தெரிகிற எல்லையை விட, தெரியாத எல்லைக்குத்தான் அதிகம் தயாராக வேண்டும். அந்தத் தயாரிப்பு டிரைவர் வேலை இல்லை. வண்டியை அனுப்புகிறவர் வேலை.

முதலில் நிஜமான வெளிநாட்டு எல்லை எப்படி என்று பார்த்துவிடுவோம்.

என் மச்சினன் சிங்கப்பூரில் இருக்கிறான். மாதம் இரண்டு முறையாவது ஜோகூர் பாருவில் ஒரு தொழிற்சாலைக்குக் காரில் போய்விட்டு சாயங்காலம் திரும்புவான். கிளம்புவதற்கு முன்னால் அவன் செய்கிற காரியங்களைக் கேட்டால் தலை சுற்றும். பாஸ்போர்ட் சரி. டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிங்கப்பூர்க்காரனே அபராதம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவான். (மலேசியாவில் பெட்ரோல் மலிவு. எல்லாரும் காலி டாங்கோடு போய் நிரப்பி வந்தால் என்ன ஆவது என்று 1989-ல் அரை டாங்க் விதி கொண்டுவந்தார்கள், 1991-ல் அது முக்கால் ஆனது.) மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை 1-ல் இருந்து அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். சுங்கக் கட்டணத்துக்குத் தனி அட்டை. போதாக்குறைக்கு, மானிய விலை ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு ஊற்றக் கூடாது என்று அங்கே ஒரு விதி.

இவ்வளவு இருந்தும் அவன் பயப்படுவதில்லை. காரணம் எளிது. எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. கவுன்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறது. ஏதாவது குறைந்தால் பெரும்பாலும் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைத்தே சொல்லிவிடுவார்கள். அரை நாள் போகும், அவ்வளவுதான்.

இப்போது நம்ம களியக்காவிளைக்கு வருவோம்.

கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். போகிற வேகத்தில் எல்லை எங்கே வந்தது என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. கடைப் பலகையில் எழுத்து மாறும். லாட்டரிக் கடைகள் திடீரென்று காணாமல் போகும். இந்தப் பக்கம் 1967-ல் இருந்து அரசாங்கமே விற்கும் லாட்டரியை, 2003-ல் தடை செய்த அந்தப் பக்கத்தில் விற்றால் குற்றம். கடைக்காரரிடம் தமிழில் கேட்டால் மலையாளத்திலும், மலையாளத்தில் கேட்டால் தமிழிலும் பதில் வரும். காரில் போகிறவரை எல்லை என்று நிறுத்தி ஒரு பேப்பரைக் கேட்பது அங்கே அபூர்வம்.

இந்த எல்லைக்கு வயதும் குறைவுதான். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் வருகிறவருக்கு வழியில் எல்லையே கிடையாது. திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் வருகிறவருக்குத்தான் எல்லை, ஆரல்வாய்மொழிக் கணவாயில். அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியா, இந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யம். சக்கரம் என்று தனி நாணயம், அஞ்சல் என்று தனித் தபால். 1865-ல் பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் வணிக உடன்படிக்கை செய்துகொண்டு, உப்பு, புகையிலை மாதிரி சிலவற்றைத் தவிர மற்ற சரக்குகளுக்கு உள்நாட்டுச் சுங்கத்தை எடுத்தன. ஆக, இந்தப் பாதையில் கிட்டத்தட்ட வெளிநாட்டு எல்லை ஒன்று இருந்திருக்கிறது. இருந்த இடம்தான் வேறு.

பழைய கணக்கு இன்னும் முடியவில்லை என்பதற்கு ஒரு சாட்சி தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. நிலம் தமிழ்நாடு, அரண்மனை கேரள அரசுடையது. இன்னொரு சாட்சி நவராத்திரி. வருஷா வருஷம் பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதி அம்மனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். களியக்காவிளையில் போலீஸ் மரியாதையோடு வரவேற்பு. சாமிக்கே அங்கே ஒரு சடங்கு இருக்கிறது, நாம் மட்டும் 60 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டிப் போகிறோம் :-)

"ஒரே நாடுதானே, எதற்கு இத்தனை பேச்சு?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு நாம் நாடு முழுக்க நடமாட உரிமை தருகிறது. 301-வது பிரிவு வணிகம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாகன வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆள் போகலாம், பேச்சே இல்லை. ஆளோடு போகிற வண்டிக்கும், வண்டியில் இருக்கிற பெட்டிக்கும்தான் கேள்வி. அந்தக் கேள்வியும் பெரும்பாலும் எல்லையில் வராது. தாண்டி இருபது கிலோமீட்டர் போன பிறகு, ஏதோ ஒரு வளைவில், கையைக் காட்டி நிறுத்தி வரும். கேரளத்தில் அதற்கு ஒரு வாசகமே உண்டு: "புக்கும் பேப்பரும்."

ஜிஎஸ்டி வந்த 2017-க்கு முன்னால் அமரவிளையில் வரிச் சோதனைச் சாவடி இருந்தது. லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எல்லாரும் திட்டினோம். ஆனால் ஒன்று, கேட்கிற இடம் எது என்று தெரியும். இப்போது அந்தச் சாவடி போய்விட்டது, நல்லதுதான். ஆனால் பலரும் சாவடியோடு சட்டமும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்கள். 2018 ஏப்ரல் 1-ல் இருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில் வேண்டும். விற்பனையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டெமோ காட்ட எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவரும் மெஷினுக்கும் டெலிவரி சலானும் இ-வே பில்லும் வேண்டும், சொந்தக் காரின் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போனாலும் சரி. பிடிபட்டால் வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம், கட்டும் வரை வண்டி நிற்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்கு ஸ்கேன் மெஷின் டெமோ. நான் முதல் நாளே போய்விட்டேன். மெஷின் மறுநாள் காலை வாடகை வண்டியில் கிளம்பியது. "இந்தா இருக்கிற நாகர்கோவில், இதற்கென்ன பேப்பர்" என்று அலுவலகத்தில் சும்மா அனுப்பிவிட்டார்கள். குழித்துறை தாண்டி ஒரு சோதனைக் குழு நிறுத்தியது. டிரைவர் அண்ணன் அறுபதை நெருங்குகிறவர். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன விலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? காலை பத்து மணியில் இருந்து ராத்திரி ஏழு வரை அந்த மனுஷன் ரோட்டோரத்தில் நின்றார். அவருக்கு சர்க்கரை வியாதி வேறு. டாக்டர்கள் காத்திருந்து போய்விட்டார்கள், ஆர்டரும் போனது. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. மறுநாள் அலுவலகத்தில், "ஆபீசரிடம் பேசத் தெரியாத டிரைவர்" என்று சொல்லி அவர் பேட்டாவைப் பிடித்தார்கள். நான் சண்டை போட்டேன், பலிக்கவில்லை. அந்தக் கம்பெனியை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

"பேசத் தெரிய வேண்டும்" என்பதுதான் எனக்குப் பிடிக்காத வார்த்தை. பேப்பர் இருந்தால் பேச என்ன இருக்கிறது? நம் ஆட்கள் தயாரிப்பு என்றால் தெரிந்த ஆபீசர் நம்பரை போனில் வைத்துக்கொள்வது என்று நினைக்கிறார்கள்.

சரி, தொழிலுக்காகக் காரில் களியக்காவிளை தாண்டுகிறவர்கள் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? என் பட்டியல்:

1. வண்டி யாருடையது? வாடகைக்கு என்றால் மஞ்சள் போர்டு, அந்த மாநிலத்துக்கும் செல்லும் பெர்மிட். நண்பரின் வெள்ளை போர்டு காரைக் காசு கொடுத்து எடுப்பது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கை விரிக்க வழி உண்டு. அப்போது நடுத்தெருவில் நிற்பது குடும்பம்.

2. சொந்த வண்டியா? நம்மில் நிறையப் பேர் ஊரில் வாங்கிய டிஎன் வண்டியை இங்கே கொண்டுவந்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி, 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும். பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்குவது அலைச்சல், இங்கே வரி கட்டுவது செலவு. ஆனாலும் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று முடிவானால் செய்துவிடுவது நல்லது. வேலை மாற்றத்தில் ஊர் ஊராகப் போகிற மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் 2021-ல் பிஎச் வரிசை நம்பர் வந்தது. புது வண்டி வாங்குகிறவர்கள் அதை விசாரித்துப் பாருங்கள்.

3. ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ். டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். இருந்தாலும் சிக்னல் இல்லாத இடத்துக்காக ஒரு நகல் டாஷ்போர்டில் இருக்கட்டும்.

4. போன் நம்பர். 2023 ஜூனில் இருந்து கேரளத்தில் கேமரா பிடித்து அபராதம் போடுகிறது. ஆர்சியில் உங்கள் பழைய நம்பர் இருந்தால் தகவலே வராது. வண்டியை விற்கும்போதுதான் மொத்தமாகத் தெரியவரும்.

5. சரக்கு இருந்தால் சலான், இ-வே பில், போகவும் வரவும். அதோடு கம்பெனி தாளில் ஒரு கடிதம்: யார் போகிறார், எதற்கு, சந்தேகம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். அந்த யார் என்பது டிரைவராக இருக்கக் கூடாது.

இவ்வளவும் சரியாக வைத்திருந்தாலும் இரண்டு அரசுகளும் முட்டிக்கொண்டால் நாம் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட்டுக்கு 2021-ல் விதி வந்தது, 2023-ல் புதிதாக எழுதினார்கள். ஒரு பெர்மிட்டில் நாடு முழுக்க ஓடலாம் என்று பேச்சு. ஆனாலும் 2025 நவம்பரில் மாநில வரி கட்டவில்லை என்று கேரளத்தில் தமிழ்நாட்டு ஆம்னி பஸ்களைப் பிடித்து அபராதம் போட, உரிமையாளர்கள் கேரளத்துக்கு பஸ் ஓட்டுவதையே நிறுத்தினார்கள். டிக்கெட் எடுத்தவர்கள் அலைந்தார்கள். அதற்கு முன்பு 2020-ல் கொரோனா சமயம் இஞ்சிவிளையில் மறித்து இரண்டு மாநில பாஸும் கேட்டபோதுதான் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே எல்லை என்று ஒன்று இருப்பதே உறைத்தது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புற்றுநோய் என்றால் திருவனந்தபுரம் ஆர்சிசி, இதயம் என்றால் ஸ்ரீசித்ரா. அவர்களுக்கு அது வெறும் ரோடு இல்லை.

அரசாங்கங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரியை எடுக்கச் சொல்லவில்லை. களியக்காவிளையில் இரண்டு பக்கமும் ஒரு பலகை வையுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். வாடகை வண்டிக்கு இது வேண்டும், சரக்குக்கு இது வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு அபராதம், இந்த இடத்தில் கட்டலாம். ஜோகூரில் முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது?

பலகை வரும் வரைக்கும், வண்டி அனுப்புகிற முதலாளிகளே, மேனேஜர்களே, சாவியைக் கொடுக்கும்போது ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்கவில்லையென்றால், ரோட்டில் நிற்கிற மனுஷனின் பேட்டாவில் கை வைக்காதீர்கள்.