குரலுக்கு எதற்கு 300 எம்பிபிஎஸ்?

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு கல்லூரிப் பையன். டிஸ்கார்ட் ஆப்பில் பேசினால் குரல் வெட்டி வெட்டிப் போகிறது என்று வீட்டார் புகார் கொடுத்தார்கள். "100 எம்பிபிஎஸ் பத்தாது சார், 300 போட்டுக்குங்க" என்றார்கள் கஸ்டமர் கேரில். அப்பாவும் போட்டார். குரல் வெட்டுவது நிற்கவில்லை, மாதக் கட்டணம் மட்டும் ஏறியது. கேட்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பேச்சு சரியில்லையென்றால் வேகம் போதவில்லை என்று படித்தவர்களே நம்பிக் காசைக் கொட்டுகிறார்கள்.

பழைய லேண்ட்லைனை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டல் ஆனபோது ஒரு பேச்சுக்கு ஒதுக்கியது விநாடிக்கு 64 கிலோபிட். கல்யாணம் பேசி முடித்ததும் அதில்தான், சாவுச் செய்தி சொன்னதும் அதில்தான். டிஸ்கார்ட் சானலின் வழக்கமான அளவும் அதே 64 கிலோபிட். 100 எம்பிபிஎஸ் லைனில் அப்படி ஆயிரம் குரல் போகும். அந்த வீட்டில் பேசுவது ஒரே ஒருவன்!

குரலைக் கெடுப்பது பாக்கெட் லாஸ், அதாவது குரலைச் சுமந்து போகும் துண்டுகள் வழியில் தொலைவது. இன்று பல குரல் சேவைகள் பயன்படுத்தும் ஓபஸ் கோடெக், பேச்சை வழக்கமாக 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக்குகிறது. விநாடிக்கு 50 பாக்கெட். நூற்றுக்கு நாலு தொலைந்தால் விநாடிக்கு இரண்டு இடத்தில் ஓட்டை. சினிமா பார்க்கும்போது தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்க அவகாசம் உண்டு. பேச்சில் கிடையாது. குரலை அனுப்பும் யுடிபி முறையில் போனது போனதுதான், தாமதமாக வந்து சேர்ந்ததும் வீண்தான். ஸ்பீட் டெஸ்டோ ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, தொலைந்ததை மறுபடி வாங்கி, மொத்த வேகத்தைக் காட்டுகிறது. ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றை அகலப்படுத்தச் சொல்லும் வியாபாரம் இது.

பையனின் லேப்டாப்பில் பிங் போட்டு, அதாவது சின்னச் சின்னப் பாக்கெட்டை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தோம். டிஸ்கார்டுக்கு அல்ல, வீட்டு ரவுட்டருக்கே, 192.168.1.1க்கு. ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் பதில் வந்துகொண்டிருக்கும்போதே நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வரி விழுந்தது. பாக்கெட் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை! ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால். பையன் இரண்டு சுவர் தாண்டி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில். அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதே மூன்றுக்குள். மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் அங்கேதான். லேன் கேபிளைச் செருகியதும் அந்த வரி நின்றது, குரல் தெளிந்தது. 300 எம்பிபிஎஸ் செய்யாததை ஒரு கேபிள் செய்தது. 64 கிலோபிட் லேண்ட்லைன் தெளிவாகப் பேசியதும் கம்பியில்தானே!

கேபிள் போட்டும் வெட்டினால், வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் அப்லோட் வரிசை நிரம்பி, குரல் பாக்கெட் பின்னால் காத்துக் கிடக்கும். இதற்கு 'பஃபர்பிளோட்' என்று பெயர். மருந்தும் இருக்கிறது, வரிசையை நியாயமாகப் பங்கிடும் முறை 2018இலேயே ஆர்எஃப்சி 8290 ஆக வெளிவந்துவிட்டது. கம்பெனி கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் அந்த வசதியைத் தேடினாலும் கிடைக்காது. விளம்பரத்தில் டவுன்லோட் வேகம் கொட்டை எழுத்தில் இருக்கும், அப்லோட் வேகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரசாங்கமும் 2023இல் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அந்த இலக்கணத்திலும் வேகம்தான் பேச்சு, பாக்கெட் இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 64 கிலோபிட்டில் பேசிப் பழகிய நாட்டில் இப்படி!

அடுத்த முறை யாராவது பிளானை ஏற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கேபிளைச் செருகி முதலில் ரவுட்டருக்கு, பிறகு வெளியே இரண்டு மூன்று இடங்களுக்குப் பிங்கை ஓடவிடுங்கள். மம்பிள் என்ற குரல் ஆப்பைப் பயன்படுத்துகிறவர்கள் பேசுபவரின் பெயரில் ரைட் கிளிக் செய்து தகவல் பக்கத்தைத் திறந்தால், தொலைந்த பாக்கெட் கணக்கு அங்கேயே இருக்கும். ரவுட்டர் வரை சுத்தமாக இருந்து, வெளியே எங்கே போனாலும் தொலைகிறதா? நேரத்தையும் சதவீதத்தையும் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். லைனைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள்.