நாய் வாசம்

தாய்மை என்கிற சொல்லை யாராவது உரக்க உச்சரித்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடுகிறது. தமிழ் சினிமா அவளைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டது, கும்பிட்ட கையோடு அடுப்படியிலும் போட்டுப் பூட்டியது. இந்தச் சந்தேகத்தோடுதான் மாமொரு ஹொசோடா 2012இல் எடுத்த ‘ஓநாய்க் குழந்தைகள்’ ஜப்பானியக் கார்ட்டூன் படத்தைக் கொல்லிமலையில் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன்.

ஹனா என்ற கல்லூரிப் பெண் ஓர் ஓநாய் மனிதனைக் காதலிக்கிறாள். வகுப்பில் பெயர் இல்லாமலே உட்கார்ந்து பாடம் கேட்கிறவன் அவன். ரெண்டு பிள்ளைகள், யுகி, அமே. பிரசவம் வீட்டிலேயே. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையின் ‘பிறப்பு’ தெரிந்துவிடுமே! அவன் ஓநாய் உருவில் செத்துக்கிடக்கிறபோது நகரத் துப்புரவுப் பணியாளர்கள் மூட்டையில் கட்டிக் குப்பை லாரியில் ஏற்றுகிறார்கள். என் புருஷன் என்று உரிமை கோர அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போகிற ராத்திரி, குழந்தை மருத்துவமனைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் நடுத்தெருவில் நிற்கிறாள், எதில் நுழைவது என்று தெரியாமல்.

இது மாயாஜாலமா தோழர்களே? ‘மலையாளி’ என்ற பழங்குடிப் பெயரை அரசுப் பட்டியல் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து எழுதியிருக்கிறது. சேலம் அதில் இருந்ததால் (நாமக்கல் 1997இல்தான் பிரிந்தது) கொல்லிமலைக்காரர் பழங்குடி. பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லாததால் பர்கூர் மலையில் இருந்த அதே மலையாளி பழங்குடி ஆகவில்லை. 2022 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில், தன் பிள்ளைகளுக்கு மலைக்குறவர் சான்றிதழ் கிடைக்காத ஒரு தகப்பன் தீக்குளித்துச் செத்தார். ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுத்தெரு என்றால் அதுதான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹனா மலைக்குப் போய் உருளைக்கிழங்கு போடக் கற்றுக்கொள்கிறாள். இந்தப் பகுதி அழகாக இருக்கிறது, கொஞ்சம் அளவுக்கு மீறியே அழகாக இருக்கிறது. சமவெளிக்காரர்களுக்கு மலை என்றால் எப்பவும் புனிதம், தூய்மை. சங்கப் புலவர்கள் கொல்லிமலையில் கண்டது ஒரு பாவையின் அழகை. சாமையும் தினையும் விதைத்தவளின் முதுகு அவர்கள் கண்ணில் படவில்லை. ஹனாவும் படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள், கஷ்டத்திலும் சிரிக்கணும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தாராம். “அந்தம்மாவுக்குக் கோவமே வராதா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எந்த விமர்சகரைவிடவும் சரியான கேள்வி. கோபத்தைப் பிடுங்கிவிட்டு மிச்சத்துக்குத் தாய்மை என்று பெயர் வைக்கிற வேலை ஜப்பானிலும் நடக்கிறது.

யுகி பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கிறாள். ஓநாயாக மாறாமல் இருக்க அம்மா ஒரு மந்திரம் சொல்லித் தருகிறாள். நம்ம அம்மாக்களிடமும் இந்த மந்திரம் உண்டு: ஊர் கேட்டா ஊர்ப் பேரைச் சொல்லு, தெருப் பேரைச் சொல்லாதே. ஆனால் புதிதாக வந்த சோகெய் என்ற பையன் மோப்பம் பிடித்துவிடுகிறான். உங்க வீட்டில் நாய் இருக்கா, ஏதோ வாசம் வருதே என்கிறான். அந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டிற்று. ‘ஸ்காலர்ஷிப் வாங்குறவங்கல்லாம் எந்திரிச்சு நில்லுங்க’ என்று வகுப்பில் குரல் கேட்டவர்களுக்கு அந்த வாசம் என்னவென்று தெரியும்.

கடைசியில் அமே ஓநாயாகக் காட்டுக்குப் போகிறான். யுகி மனுஷியாக விடுதிக்குப் போகிறாள். ரெண்டில் ஒன்றுதான் என்று படம் தீர்ப்பு எழுதுகிறது. இங்கேதான் நான் முரண்படுகிறேன். ஓநாயாகவே வகுப்பில் உட்கார முடியாதா என்ற கேள்வியைப் படம் தொடவே இல்லை. மறைக்கிற பாரம் முழுசையும் தாயின் தலையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தைச் சும்மா விட்டுவிடுகிறது. இன்னொன்றும் சொல்லணும். தாங்கள் காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் என்று பூர்வகதை சொல்லும் மலையாளிகளிடம், கீழேயிருந்து வரும் தலித்தின் வாசம் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். அன்று ராத்திரி அந்தப் பேச்சு தொடங்கியது, முடியவில்லை.

யுகி தன் உருவத்தை சோகெய்க்குக் காட்டுகிறபோது அவன் சொல்கிறான், எனக்கு முன்னாடியே தெரியும், யாரிடமும் சொல்லவில்லை என்று. மாணவர்கள் அதற்குக் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அவன் ஏன் அதை ரகசியமாகவே வைத்திருக்கணும்?