நாற்பது நட்சத்திரங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் பெண் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். அவளுடைய ஆறு வயதுக் குழந்தை படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம். வருகிற பருவத்திலிருந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு டேப்லெட் வேண்டும். பெற்றோர்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டுப் பணமும் கட்ட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

டேப்லெட் என்றதும் எனக்கு ஜுர மாத்திரைதான் ஞாபகத்துக்கு வந்தது. உங்களில் பாட்டிமார்களாக இருப்பவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்! இது வேறு. பழைய சிலேட்டு அளவில் ஒரு கண்ணாடிப் பலகை. விரலால் தொட்டால் பேசும், பாடும், கூட்டல் கழித்தல் போடச் சொல்லும். அதற்குள்ளே இருக்கும் பாடத்துக்கு 'ஆப்' என்று பெயர்.

"என்ன செய்யட்டும் அத்தை? கையெழுத்துப் போடவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்னம்மா தெரியும்? குழந்தையைக் கூப்பிடு, பார்ப்போம்" என்றேன்.

குழந்தை வீட்டிலிருந்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து என் மடியில் உட்கார்ந்தாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு தமிழ் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ஒரு படம், கீழே நான்கு சொற்கள். சரியான சொல்லைத் தொட்டால் மணி அடிக்கிறது, ஒரு நட்சத்திரம் வந்து விழுகிறது. தப்பாகத் தொட்டால், "மறுபடி முயற்சி செய்" என்று இனிமையாக ஒரு குரல்.

"எனக்கு நாப்பது ஸ்டார், பாட்டி!" என்றாள் குழந்தை. தாயாருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

நான் கொஞ்சம் பொல்லாதவள். படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "இப்போ சொல்லு கண்ணு, எது?"

குழந்தை சொற்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதல் சொல்லைத் தொட்டாள், இரண்டாவதைத் தொட்டாள், மூன்றாவதைத் தொட்டாள். மணி அடித்தது. நாற்பத்தொன்று!

"அத்தை, இவ வாசிக்கிறான்னு இல்ல நான் நினைச்சிட்டிருந்தேன்!" என்றாள் அண்ணன் பெண். குரல் தழுதழுத்தது. எனக்கே ஏன் கையை வைத்து மூடினோம் என்றாகி விட்டது.

இவ்வளவு சொன்னதும், 'இந்த அம்மாள் டேப்லெட்டுக்கு விரோதி' என்று முடிவு கட்டி விடாதீர்கள். மலாவி தேசத்து சமாசாரத்தைக் கேளுங்கள்.

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஏழை நாடு அது. ஆரம்ப வகுப்புகளில் ஓர் உபாத்தியாயருக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல் இருப்பது அங்கே சர்வ சாதாரணம். நூறு பேரில் யாருக்கு என்ன புரிந்தது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்நாட்டுத் தலைநகரான லிலோங்வேயில் ஓர் ஆரம்பப் பள்ளியில் சோதனை நடத்தினார், இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலா பிட்ச்ஃபர்ட் என்ற அம்மையார். குழந்தைகளுக்கு எட்டு வாரம் டேப்லெட்டில் கணக்குப் பாடம் கொடுத்துப் பார்த்தார். வழக்கமான வகுப்பில் மட்டும் படித்த குழந்தைகளைவிட இவர்கள் முன்னேறி விட்டார்கள் என்று 2015-ல் எழுதினார். பாடம் பேசியது இங்கிலீஷ் அல்ல. அந்த ஊர்ப் பாஷையான சிச்சேவா. இது முக்கியம்.

இப்போது அங்கே அந்த ஏற்பாட்டை நாடெங்கும் உள்ள அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்குக் கொண்டு போகிறார்கள். ஆளுக்கொரு டேப்லெட் என்று வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓர் அறை. கூரைமேல் சூரிய ஒளித் தகடு. பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு அரை மணி, முக்கால் மணி படித்து விட்டு, டேப்லெட்டை அங்கேயே வைத்து விட்டு வகுப்புக்குத் திரும்புகிறார்கள். அதில் இன்டர்நெட் கிடையாது. வேறு விளையாட்டும் கிடையாது. ஒரே பலகையில் காலையிலிருந்து எத்தனை குழந்தைகள் படிக்கிறார்கள், பாருங்கள்!

பக்கத்து நாடான தான்சானியாவிலும் ஒரு பெரிய போட்டி நடந்தது. டாங்கா பிரதேசத்தில் சுமார் 170 கிராமங்கள். அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். ஸ்வாஹிலி மொழியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாதவர்கள் 100-க்கு 90 பேருக்கு மேல். டேப்லெட்டோடு 15 மாதம் பழகிய பிறகு அந்தத் தொகை பாதியாகக் குறைந்தது. 2019-ல் இரண்டு குழுவினர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மலாவியில் பாடம் தயாரித்த குழு அதில் ஒன்று. எனக்கு இந்தக் கணக்கு இரண்டு விதமாகவும் படுகிறது. வாத்தியாரே இல்லாத இடத்தில் பாதிப் பேர் எழுத்தைக் கண்டது பெரிய காரியம். ஆனால் மற்றப் பாதி?

தென் அமெரிக்காவில் பெரு என்ற தேசத்தில் நடந்ததோ வேறு கதை. பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கினார்கள். அதை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்கு ஒரு வழி காட்டவில்லை. கிராமத்துப் பள்ளிகளில் 15 மாதம் கழித்துப் பரீட்சை வைத்துப் பார்த்ததில், கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றமே காணோம் என்று 2012-ல் முடிவு வெளியாயிற்று. பணம் போனது போனதுதான்.

நம் டில்லியிலும் ஒரு சோதனை நடந்தது. கொஞ்சம் பெரிய பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் இருப்பவர்கள் கணக்கில் இரண்டு மூன்று வகுப்புப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர்களைக் கணினிப் பாடத்தில் உட்கார வைத்தார்கள். அந்தப் பாடம் வகுப்பைப் பார்க்கவில்லை. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறான் என்று பார்த்து அந்தப் படியிலிருந்தே தொடங்கியது. நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம். நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்களே, அதுவும் ஏறக்குறைய இதே யோசனைதான். என்ன அழகான பெயர்கள்! அதிலும் ஆசிரியைகளின் செல்போனில் ஓர் ஆப் உண்டு. அதில் விவரம் பதிவதற்கே நேரம் போய் விடுகிறது என்று அவர்கள் குறைப்பட்டதும் உண்டு.

பணக்கார நாடான ஸ்வீடனில் 2023-ல் அரசாங்கம் அச்சுப் புத்தகத்துக்கென்று கோடி கோடியாகப் பணம் ஒதுக்கி, குழந்தைகளை மறுபடி புத்தகத்துக்கும் பேனாவுக்கும் திருப்பியது. இதை வைத்து டேப்லெட்டே விஷம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. மலாவியில் நூறு பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் என்பதை அவர்கள் மறந்து விடுகிறார்கள்.

என்னை உலுக்கிய விஷயம் இன்னொன்று. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். சில எழுத்துகளைக் கையால் தானாக எழுதச் சொன்னார்கள். வேறு சில எழுத்துகளைப் புள்ளிக் கோட்டின்மேல் இழுக்கச் சொன்னார்கள். இன்னும் சில எழுத்துகளுக்கு விசையைத் தட்டச் சொன்னார்கள். பிறகு எழுத்தைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். தானாகக் கோணல்மாணலாக எழுதிப் பழகிய எழுத்தைக் கண்டபோதுதான், நாம் வாசிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் விழித்துக்கொண்டன. தட்டிய எழுத்துக்கு இல்லை. கோட்டின்மேல் இழுத்த எழுத்துக்கும் இல்லை! 2012-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. குழந்தையின் ஆப்பில் எழுத்துப் பயிற்சி என்பது புள்ளிக் கோட்டின்மேல் விரலை ஓட்டுவதுதான். கோடு தவறினாலும் அதுவே திருத்திக்கொண்டு விடுகிறது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் புள்ளிக் கோடு ஏது? சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற துரை, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் விடுதியில் கைக்கொண்டார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். நாம் கொடுத்த பாடம்!

அண்ணன் பெண் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. பின்பக்கத்தில் தன் கையால் கேள்விகளை எழுதினாள். ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்? வகுப்புக்குப் பத்து டேப்லெட் வாங்கி முறை வைத்துக்கொண்டால் போதாதா? குழந்தைக்கு எது வரவில்லை என்பதை அதில் பார்த்து, ஆசிரியை அவளோடு உட்காருவாரா? படமில்லாமல் சொல்லை மட்டும் வாசிக்கச் சொல்லும் பாடம் உண்டா? 'ழ'வும் 'ள'வும் அதற்குச் சரியாக உச்சரிக்க வருமா? நோட்டுப் புத்தகத்தில் எழுதும் வேளை குறையுமா? திங்கட்கிழமை கொடுத்தனுப்பினாள். வகுப்பு ஆசிரியை செவ்வாயன்றே கூப்பிட்டு, "நீங்கள் கேட்டதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்" என்றாராம். நானும் போவதாக இருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு நட்சத்திரக் குழந்தை இருந்தால், படத்தைக் கையால் மூடிப் பாருங்கள். ஆனால் தாயாரை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

அன்று சாயங்காலம் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் முன்னால் வைத்தேன். 'ப' எழுதினாள். 'ழ' எழுதினாள், சுழி தப்பிப் போயிற்று. கையால் கலைத்து விட்டு மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. தலையை நிமிர்த்தி, "ஸ்டார் எங்கே, பாட்டி?" என்றாள்.

டப்பாவைத் திறந்து ஒரு கடலை உருண்டையை எடுத்து வைத்தேன்.